ஒரு ரிங் என்றால் இறங்கியாச்சு

மே 27, 2009, புதன்

காற்று வந்துவிட்டது. காலையில் ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் துப்பட்டா ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில். நடுவில் எங்கள் காற்றாலையின் நாற்பத்திரண்டு காத்தாடிகளும் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கின்றன. இனி செப்டம்பர் முடிய எங்களுக்கும் ஓய்வில்லை, அவற்றுக்கும் இல்லை.

என் வேலை என்ன என்று அம்மாவுக்கு ஐந்து வருடமாக விளக்கி வருகிறேன். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, எந்தக் காத்தாடி ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று திரையில் பார்க்க வேண்டும். ரிப்பேருக்கு ஆள் ஏறினால் அதை நிறுத்திவைக்க வேண்டும். ஆள் இறங்கியதும் மறுபடி ஓடவிட வேண்டும். "இதுக்கா டிப்ளமா படிச்ச?" என்பாள் அம்மா.

மாலை நாலு மணிக்கு மூன்றாம் நம்பரின் நிழல் ஜன்னல் வழியே உள்ளே வரும். மேஜை மேல், என் கை மேல், இந்த நோட்டின் மேல் ஒரு இறக்கை போகும், அடுத்தது வரும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது. இன்றும் மறந்துபோய், போன் அடித்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

மே 30, சனி

எங்கள் சைட்டில் போனில் யாரும் பேசுவதில்லை. மிஸ்டு கால்தான். காத்தாடி மேல் ஏறியவர்கள் ஒரு ரிங் கொடுத்தால் "இறங்கியாச்சு, ஓட்டலாம்". இரண்டு ரிங் என்றால் "நேரமாகும்". மூன்று ரிங் என்றால் "ஆள் அனுப்பு". மேலே காற்றின் இரைச்சலில் பேசினால் ஒன்றும் கேட்காது என்பதால் இது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. எப்படி வந்தது, யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பஸ் ஏறியதும் அம்மாவுக்கு ஒரு ரிங். அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிடுவாள்.

ஷிப்ட் இன்சார்ஜ் அக்டோபரில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு அருள்ராஜ் அல்லது நான். அருள்ராஜ் அடுத்த ஷிப்டில் என் நாற்காலியில் உட்காருகிறவன். பத்து நிமிடம் சளைக்காமல் பேசுவான், பேசி முடித்த பிறகு என்ன சொன்னான் என்று யோசித்தால் ஒன்றும் இருக்காது. நான் பேசுவதே இல்லை. மேலாளர் மாரப்பன் சார் உடுமலைப்பேட்டையிலிருந்து புதிதாக வந்திருக்கிறார். எங்களில் யாரைத் தேறாத கேஸ் என்று நினைக்கிறாரோ தெரியாது.

ஜூன் 4, வியாழன்

மீட்டிங். "இருபத்திமூணு ஏனுங்க மூணு நாளா நிக்குது?" என்று மாரப்பன் சார் கேட்டார். எண்ணெய்க் கசிவு என்று எனக்குத் தெரியும், எந்தக் குழாயில் என்றும் தெரியும். "பாத்துக்கிட்டு இருக்கோம் சார்" என்றேன். பிறகு அருள்ராஜ் பேசினான். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் இசக்கிமுத்து அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடமாகக் காத்தாடி ஏறுகிறவர். "பிள்ளே, தெரிஞ்சத வாய்க்குள்ளயே வச்சிருக்கியே, வெளிய விட்டா என்ன, ஓடியா போயிரும்?"

நான் சிரித்து மழுப்பினேன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கி வந்ததும், மேலே என்ன தெரிந்தது என்று எனக்குச் சொல்லுவார். இன்று கேரளத்துப் பக்கம் மேகம் மலையைத் தாண்ட மாட்டாமல் நின்றதாம். தெற்கே கடல் தெரிந்ததாம். "ஒரு நூலு போல, கேட்டியா. வெள்ள நூலு." நான் ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. ஆனால் அந்தக் கடலை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 11, வியாழன்

காற்று மிக அதிகம். பதினேழு ஓடியது. இசக்கிமுத்து அண்ணாச்சிக்குக் கையில் அடி. மிளகாய் வத்தல் வாங்க வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

"பதினேழு எப்படிங்க ஓடுச்சு?" என்று மாரப்பன் சார் கேட்டார்.

"நேத்து காத்து ரொம்ப இருந்துச்சு சார்."

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

பதினேழு பழைய மிஷின். யார் ஓட்டினார்கள், எப்போது ஓட்டினார்கள் என்று அதில் எதுவும் பதிவாகாது. ஏறுகிறவர் கீழே சாவியைத் திருப்பிக் கையில் எடுத்துக்கொண்டால் இங்கிருந்து யாராலும் ஓட்ட முடியாது. பத்து நிமிட வேலைதானே என்று அண்ணாச்சி திருப்பவில்லையாம். எல்லோரும் சாவியைப் பற்றியே பேசுகிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு. முள் எடுக்க வெகு நேரமாயிற்று.

ஜூன் 16, செவ்வாய்

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சிக்கு வலது கையில் இரண்டு விரல் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. மிஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை இடது கையால் அடித்ததால் அத்தோடு போயிற்று என்று பக்கத்துக் கட்டில்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கதையை நிறுத்திவிட்டார்.

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். நாலு சுளை தின்றார்.

"ரெண்டு ரிங் அடிக்கணும்னுதான் பண்ணுனேன் பிள்ளே. மொத ரிங்குலயே லைன் கட்டாயிட்டு."

நான் தோலைப் பொறுக்கினேன்.

"ஆபீசுல, சாவி போடாதது என் தப்புன்னு சொல்லிட்டேன். அது உள்ளதுதான. நீ ஒண்ணும் சொல்லண்டாம். உனக்கு இன்சார்ஜ் வேல வரப்போவுது."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்ணை மூடினால் எல்லா ஊரிலும், எல்லா வீட்டிலும் போன் ஒரே ஒரு தடவை அடித்து நிற்கிறது. யாரும் எடுக்கவில்லை. எல்லாக் காத்தாடிகளும் ஓடத் தொடங்குகின்றன. விழித்தபோது ஊர் தாண்டிப் போயிருந்தது. இறங்கி மறுபடி திரும்பி வந்தேன்.

ஜூன் 29, திங்கள்

அண்ணாச்சி வேலைக்கு வந்துவிட்டார், ஆனால் மேலே ஏறக் கூடாது. ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை. நட்டு, போல்ட்டு, கிரீஸ் டப்பா. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் எரிகிறது. கிரீஸ் கேட்டுப் போனவள், எதற்கு வந்தேன் என்றே மறந்து திரும்பிவிட்டேன்.

இன்று கடல் தெரிந்ததா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஜூலை 8, புதன்

முப்பத்தொன்றிலிருந்து ஒரு ரிங் வந்தது. பட்டன் மேல் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. விரல் என்னுடையது மாதிரியே இல்லை. திருப்பிப் போன் செய்தேன். மேலே ஏறியிருந்தவர் ராஜமணி.

"என்ன, ரிங் வரலியா?"

"வந்துச்சு. வாயால சொல்லுங்க."

"எது?"

"நீங்க யாரு, எந்த நம்பரு, மேல யாராவது இருக்காவளா?"

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்லுவது போல் சொன்னார். நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். "முப்பத்தொண்ணு. ராஜமணி. மேல யாருமில்ல. சரியா?" சரி என்றார். அப்புறம் ஓடவிட்டேன்.

காற்றில் பேசினால் கேட்காது என்பதும் முழு உண்மை இல்லை. கோபுரத்துக்குள் நின்று இரும்புக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் கோயில் கருவறை மாதிரி அமைதியாக இருக்கிறது. இதை யாரும் முயன்று பார்த்ததில்லை.

ஜூலை 9, வியாழன்

இன்றும் எல்லோரையும் பேசவைத்தேன். பதினோரு தடவை. தொண்டை வறண்டுவிட்டது. பழக்கமில்லாத தொண்டை.

ஜூலை 23, வியாழன்

எனக்கு ரயில்வே ஸ்டேஷன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் வந்ததும் ராஜமணி "பயணிகள் கவனத்திற்கு" என்கிறார். அருள்ராஜ், "பேசிக்கலி, இது டைம் வேஸ்ட்" என்றான். அவன் ஷிப்டில் இன்னும் ரிங்தான்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. ஒரு தடவை வாயைத் திறந்து பழகினால், அது மற்ற இடத்திலும் திறக்கிறது போலும். இன்று மீட்டிங்கில் பன்னிரண்டாம் நம்பரைப் பற்றிக் கேட்டார் சார். என் குரல் எனக்கே எங்கோ தூரத்தில் கேட்டது. "பிரேக் தேஞ்சிருக்கு சார். புதுசு ஸ்டோர்ல இருக்கு. நாளைக்கு மத்தியானம் ஓடும். ஓடாதுன்னா பதினோரு மணிக்கே உங்களுக்குச் சொல்லிருவேன்."

சார் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் சார்."

"இத இத்தன நாளா எங்கீங்க வச்சிருந்தீங்க?"

மறுநாளைக்குப் பன்னிரண்டு ஓட வேண்டுமே என்ற கவலை வந்துவிட்டது.

ஜூலை 24, வெள்ளி

ஓடியது. மதியம் ஒன்று பத்துக்கு.

ஆகஸ்ட் 5, புதன்

எழுத்து இன்னும் கோணலாகவே வருகிறது.

ஒன்பதாம் நம்பரிலிருந்து ராஜமணியின் போன். சலிப்போடு ஒப்பித்தார். "ஒம்பது. ராஜமணி. இறங்கியாச்சு. ஓட்டலாம்."

"மேல யாராவது இருக்காவளா?"

"யாரு இருக்கா, நான் இறங்கி..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். நான் காத்திருந்தேன். கதவு திறக்கும் சத்தம், காற்று, யாரையோ கூப்பிடும் சத்தம். அவரோடு ஏறிய தங்கதுரை ஸ்பானரை மேலேயே வைத்துவிட்டேன் என்று பாதி ஏணியிலிருந்து திரும்ப மேலே போயிருக்கிறார். ராஜமணி அதைக் கவனிக்கவே இல்லை. சாவியையும் அதற்குள் பழையபடி போட்டுத் திருப்பிவிட்டார்.

"செல்வி" என்றார் போனில். ரயில்வே ஸ்டேஷன் இல்லை, செல்வி. "ஓட்டாத. மேல ஆள் இருக்கு."

"ஒம்பது. மேல ஆள் இருக்கு. ஓட்டமாட்டேன்" என்று திருப்பிச் சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியில் அழுதேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

எல்லா ஷிப்டிலும் இனி பேச்சுத்தான், மிஸ்டு கால் கூடாது என்று மாரப்பன் சார் நோட்டீஸ் ஒட்டினார். அருள்ராஜ் நோட்டீஸைப் பார்த்து "பேசிக்கலி, நல்ல ஐடியா" என்றான்.

ஆகஸ்ட் 20, வியாழன்

செப்டம்பர் பதினாலில் நேர்காணல். ஹெட் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். "பயப்படாதீங்க செல்வி. அந்த மொறைய எப்படிக் கொண்டாந்தீங்கன்னு கேப்பாங்க. அத மட்டும் தெளிவாச் சொல்லுங்க, வேல உங்களுதுங்க" என்றார் சார்.

ஸ்டோருக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு உண்மையான சந்தோஷம். கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் மடங்குகின்றன, ஒன்று மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. "இனி ஏறலாம்னு டாக்டரு சொல்லியாச்சு. ஆபீசுலதான் விடமாட்டுக்கான். சாவி போடாதவன்னு பேராயிட்டுல்லா" என்றார். பெரிய விஷயம் இல்லை என்பது போலத்தான் சொன்னார். பிறகு போல்ட்டுகளை எண்ணத் தொடங்கினார், ஏற்கெனவே எண்ணி வைத்தவற்றை.

மே 30 அன்று இந்த நோட்டில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். மிஸ்டு கால் பழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது என்று. நான்தான் தொடங்கினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண்களோடு போனில் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மாவும் நானும் வைத்திருந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டேன். காற்று இரைச்சல் என்று காரணமும் நானே சொன்னேன். அண்ணாச்சிதான் முதலில் ஒத்துக்கொண்டார், புள்ளைக்குக் கூச்சம், அது இஷ்டப்படி செய்வோம் என்று.

செப்டம்பர் 13, ஞாயிறு

காற்று குறைந்துவருகிறது. ஆலயத்தில் பிரசங்கம் முழுக்க மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மக்ளே, சாமிய பாரு" என்று அம்மா இடித்தாள்.

செப்டம்பர் 14, திங்கள்

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாரப்பன் சார், ஹெட் ஆபீஸ் அம்மா ஒருவர், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர். சான்றிதழ் பார்த்தார்கள். எத்தனை காத்தாடி, எவ்வளவு உற்பத்தி என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னேன். சாரின் முகம் பூரித்துப்போயிருந்தது.

பிறகு அந்த அம்மா கேட்டார். "திருப்பிச் சொல்ற இந்த முறை உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. பாதுகாப்பு, பொறுப்பு என்று அருள்ராஜ் பாணியில் நீளமான பதில். ஜன்னல் வழியே ஏதோ ஒரு காத்தாடியின் நிழல் மேஜை மேல் போய்க்கொண்டிருந்தது. ஒரு இறக்கை, இன்னொரு இறக்கை. அது மூன்றாவது தடவை வந்தபோது சொல்லத் தொடங்கியிருந்தேன்.

"ஜூன் பதினொண்ணாந்தேதி, பகல் பதினொண்ணே முக்காலுக்கு, பதினேழாம் காத்தாடிய நான்தான் ஓட்டினேன். தானா ஓடல. மேல இசக்கிமுத்து இருந்தாங்க. எனக்கு ஒரு ரிங் வந்துச்சு. இறங்கிட்டாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன். கேட்டிருக்கணும், கேக்கல. ரிங் அடிக்கிற ஏற்பாடும் நான் செஞ்சதுதான். சாவி போடாதது அவங்க தப்பு. பட்டன அழுத்தினது என் தப்பு. சார் கேட்டப்ப காத்து ரொம்ப இருந்துச்சுன்னு சொன்னேன். அன்னைக்குக் காத்து இருந்தது நெசம். ஆனா அது பதில் இல்ல."

மாரப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "நீங்க போலாமுங்க" என்றார்.

வெளியே வந்தேன். வேலை போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்தது. ஆனாலும் மதியம் கொண்டுபோன புளிசாதத்தை ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

செப்டம்பர் 16, புதன்

சார் கூப்பிட்டுக் கத்தினார். இந்த மனிதருக்குக் கத்தத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது. "மூணு மாசமா ஏனுங்க சொல்லல? அந்த மனுசன் இருட்டு ரூமுல போல்ட்டு எண்ணிக்கிட்டு கெடக்கறாருங்க!" எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்சார்ஜ் பேச்சே எழவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் பேசுவாராக இருக்கும்.

செப்டம்பர் 17, வியாழன்

பேசினார். "கிறுக்கி" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 6, செவ்வாய்

அருள்ராஜுக்கு இங்கே இன்சார்ஜ். லட்டு கொடுத்தான், எடுத்துக்கொண்டேன். நல்ல லட்டு.

மாலையில் மாரப்பன் சார் கண்ட்ரோல் ரூமுக்கே வந்தார். ஒரு கவரை மேஜை மேல் வைத்துவிட்டு, நிழல் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினெட்டு வருசமா ரிப்போர்ட்டு படிக்கறனுங்க. எல்லாத்துலயும் மிஷின் தானா ஓடிருக்கும். கம்பி தானா அறுந்திருக்கும். ஆளே இருக்க மாட்டாங்க. அன்னைக்கு நீங்க சொன்னப்ப அந்த ஹெட் ஆபீஸ் அம்மா எங்கிட்டத் திரும்பி என்ன கேட்டாங்க தெரியுமுங்களா? மத்த சைட்டுலயெல்லாம் என்ன நடக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க."

கவரில், பணகுடிப் பக்கம் புதிதாக வரும் கண்ட்ரோல் ரூமுக்கு நான் இன்சார்ஜ் என்று இருந்தது. அந்தப் புது சைட்டையும் இங்கே இருக்கும் பழைய மிஷின்களையும் அங்கிருந்தே பார்க்க வேண்டும். போனில் பேசும் முறையை எல்லா சைட்டுக்கும் நானே எழுதிக் கொடுக்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் அப்படியே இருக்கும் என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது. அதையும் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"சார், இசக்கிமுத்து அண்ணாச்சி?"

"இன்னொரு பேப்பரு இருக்குதுங்க பாருங்க."

அக்டோபர் 26, திங்கள்

புது ரூம், முதல் நாள். புதுப் பெயின்ட் வாசனை. இங்கே நிழல் காலையில் வருகிறது.

பத்து ஐம்பதுக்குப் போன் அடித்தது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன்.

"பதினேழு. இசக்கிமுத்து. ஏறப்போறேன். சாவி என் பையில இருக்கு."

"பதினேழு. இசக்கிமுத்து. ஏறப்போறீங்க. சாவி உங்க பையில. நிறுத்தியாச்சு, ஏறலாம்."

நாற்பது நிமிடம். வெளியே மேகம் மெதுவாகக் கணவாயைக் கடந்துகொண்டிருந்தது. நான் எங்கேயும் போகவில்லை, போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

"பதினேழு. இசக்கிமுத்து. இறங்கியாச்சு. கதவ சாத்திட்டுத்தான் பேசுதேன். மேல யாருமில்ல. ஓட்டலாம்." பிறகு ஒரு நொடி கழித்து, "கடல் தெரிஞ்சுது."

"பதினேழு. இறங்கியாச்சு. மேல யாருமில்ல. ஓட்டுறேன். கடல் தெரிஞ்சுது" என்றேன். அவர் சிரித்தது கோபுரத்துக்குள் எதிரொலித்தது.

மதியம் இந்த நோட்டில் ஜூன் பதினொன்றுக்குத் திரும்பிப் போனேன். மிளகாய் வத்தலுக்குக் கீழே இடம் இருந்தது. "நான் ஓட்டினேன்" என்று எழுதினேன்.

மாலையில் பஸ் ஏறி, வழக்கம் போல் அம்மாவுக்கு ரிங் கொடுத்தேன். ஒரு ரிங், இரண்டு ரிங், மூன்று ரிங் என்று கட் செய்யாமல் விட்டேன். அம்மா எடுத்தாள். எடுத்தபோதே குரல் நடுங்கியது.

"மக்ளே, என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. பஸ் ஏறிட்டேன்."

"அதுக்கா போன் பண்ணுன?"

"ஆமா. பஸ் ஏறிட்டேன்னு சொல்லத்தான்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சரி, வேற என்ன" என்றாள் அம்மா. "சொல்லு."